கணக்கப்பிள்ளையின் ஏடும் கணிதப் பாடமும்

சரித்திரத்தைச் சரித்திர ஆசிரியரும் கணக்கைக் கணித ஆசிரியரும் கற்பிப்பதே முறை என்பது நம் பாடசாலைகளிற் பல காலமாக நிலைத்துவிட்ட கொள்கை. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கிறது, ஒருவர் வெளியேற மற்றொருவர் உள்ளே வருகிறார், கரும்பலகை துடைக்கப்படுகிறது, அதனோடு முன்னைய பாடமும் பிள்ளைகளின் நெஞ்சிலிருந்து துடைக்கப்பட்டுவிடுகிறது. இம்முறையில் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை மறுப்பார் இலர். ஆயினும், மலையகத்துப் பிள்ளைகளைப் பொறுத்தவரையில் இவ்வொழுங்கு ஒரு பெரு நட்டத்தையும் உடன்கொண்டு வந்திருக்கிறது என்பதே நம் கருத்து. இம்மலைநாடு தேயிலை நாடான வரலாற்றை, தரம் ஆறு முதல் ஒன்பது வரையுள்ள வகுப்புகளிலே, கணிதப் பாடத்தின் வாயிலாகக் கற்பிக்கலாம், கற்பிக்கவும் வேண்டும். இதனையே இவ்விழா மலரின் வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

தமிழ் கற்பிப்போர்க்குக் கணக்கில் என்ன வேலை என்று பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். நகைப்புக்கு இரண்டு விடைகள் உண்டு. மலையகத்துப் பாடசாலைகளிற் கணித ஆசிரியர் இடம் வெற்றிடமாகக் கிடப்பதும், அக்காலத்தில் யார் கைக்கு வெண்கட்டி எட்டுகிறதோ அவரே கணித ஆசிரியராவதும் புதுமையன்று. அவ்வாறு ஒரு தவணை முழுவதும் தரம் எட்டுக்கு நாம் கணிதம் கற்பிக்க நேர்ந்தது. இஃது ஒரு விடை. மற்றையது இதனினும் பழையது. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தைப் புரட்டுவோர் அங்கே பலாப்பழத்தையும் பூசணிக்காயையும் காண்பர். பழத்தை வெட்டாமலே அதன் சுளைத்தொகை காண வழி கூறும் நூல் அது. வாழ்விலிருந்து கணக்கையும் கணக்கிலிருந்து வாழ்வையும் பிரித்து வைத்தல் தமிழர் மரபன்று. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஓதுவித்த ஆசிரியரே இலக்கியமும் ஓதுவித்தார். பாடநேர அட்டவணை பின்னர் வந்தது.

இனி, நம் பிள்ளைகளின் கணக்குகள் எத்தகையன? ஒரு தொட்டியை ஒரு குழாய் நான்கு மணி நேரத்திலும் மற்றொரு குழாய் ஆறு மணி நேரத்திலும் நிரப்பும். இரண்டையும் ஒருங்கே திறந்தால் எத்தனை மணி நேரத்தில் நிரம்பும்? ஒரே பீலிக்கு லயம் முழுவதும் குடத்தோடு காத்து நிற்கும் இடத்திலிருந்து வரும் பிள்ளைக்கு இக்கணக்கு எந்நாட்டுச் செய்தியோ என்று தோன்றினால் வியப்பில்லை. விடையைக் காண்கிறான், ஆனால் அது தன்னைப் பற்றியது என்று ஒருபோதும் எண்ணுவதில்லை. ஈற்றில் க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை வருகிறது. கணிதத்தில் தவறினோர்க்கு மேற்படிப்பு வாயில் அடைபடுகிறது.

இத்தனைக்கும், தோட்டத்து வாழ்வைப்போல் எண்ணாற் கட்டப்பட்ட வாழ்வு வேறு ஏது? விடியற்காலையிற் பிரட்டுக்களத்தில் ஆள் எண்ணப்படுகிறது. கொழுந்து நிறுக்கப்படுகிறது, நனைந்த கொழுந்து என்றும் கூடைப் பாரம் என்றும் கிலோ கழிக்கப்படுகிறது. ஒரு நாள் வேலைக்கு மலையக மொழியிற் ‘பேர்’ என்று பெயர். குறித்த அளவு எடுத்தவர்க்கு ஒரு பேர், எடுக்காதவர்க்கு அரைப்பேர். ஒரு மனிதரின் பேரை இரண்டால் வகுக்கும் வழக்கம் வேறெங்கும் உண்டோ என்று மொழி கற்பிக்கும் நமக்கு அடிக்கடி ஓர் ஐயம் எழுவதுண்டு. இவற்றையெல்லாம் எழுதி வைத்தவருக்குப் பெயரே கணக்கப்பிள்ளை. எண்ணப்பட்டவர்கள் தொழிலாளர், எண்ணியவர் மற்றொருவர். ஏடு ஒருபோதும் எண்ணப்பட்டவர் கைக்கு வரவில்லை.

பழைய ‘துண்டு’ முறையையே எடுத்துக்கொள்வோம். தொழிலாளியின் கடன்தொகையை எழுதிய ஒரு காகிதமே துண்டு. அத்தொகையைச் செலுத்த முன்வரும் தோட்டத்துக்கே அவனும் அவன் குடும்பமும் செல்லலாம். கங்காணியின் கணக்கில் வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் ஏறிக்கொண்டே இருக்கும். கடன் தீர்ந்ததா இல்லையா என்பதை உரியவனே கூட்டிப் பார்க்க இயலாது. 1921ஆம் ஆண்டிலே இம்முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. பின்னர் 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சங்கத்தைத் தொடக்கிய கோ. நடேசய்யர், தஞ்சையில் ஆசிரியராயிருந்து இங்கு வந்தவர் என்பதை நம் மாணவர் அறிதல் நன்று.

ஒரு நாட்டவர் தம் குடியேற்ற வரலாற்றைக் கணக்கினூடாகக் கற்பிப்பது நாம் கண்டுபிடித்த புதுமையன்று. அமெரிக்கர் கிழக்குக் கரையிலிருந்து மேற்கு நோக்கிப் பரவிய கதையை அந்நாட்டுப் பள்ளிகள் நெடுங்காலமாக இவ்வாறு கற்பித்து வருகின்றன. ஒறிகன் பாதை ஏறத்தாழ 2,000 மைல். மாட்டு வண்டி நாளொன்றுக்கு இத்தனை மைல் செல்லுமாயின், ஒரு குடும்பத்துக்கு எத்தனை இறாத்தல் மா வேண்டும்? 1971இல் மினசோட்டா மாநிலத்தில் வரலாறு கற்பித்த ஒரு பயிற்சி ஆசிரியரும் கணிதம் கற்பித்த இருவரும் கூடி, இப்பயணத்தையே ஒரு கணினி விளையாட்டாக அமைத்தனர். பின்னாளில் அது பல இலட்சம் பிள்ளைகளின் கைக்குச் சென்றது. மூவரும் ஒரே வீட்டில் தங்கியிருந்தமையால் அது கைகூடிற்று போலும். நம் ஆசிரியர் ஓய்வறையிலும் வரலாற்று ஆசிரியரின் கதிரையும் கணித ஆசிரியரின் கதிரையும் அருகருகே இருக்கத்தான் செய்கின்றன.

அவர்கள் மேற்கே சென்றனர்; நம் முன்னோர் மேலே ஏறினர். வண்டியும் இல்லை. இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியில் வந்து மன்னார்க் கரையில் இறங்கியோர், வன்னிக் காட்டினூடாக மாத்தளை வரை நடந்த தொலைவு ஏறத்தாழ 150 மைல். நாளொன்றுக்குப் பத்து மைல் என்றால் பதினைந்து நாள் என்று தரம் ஆறு மாணவன் நொடியிற் கூறுவான். அங்கே நிறுத்திவிடலாகாது. கைக்குழந்தையோடு வருபவளும் காய்ச்சலோடு வருபவனும் அக்கூட்டத்தில் உண்டாயின் கூட்டத்தின் வேகம் யாது? சராசரி வேகமா, மிகவும் தளர்ந்தவரின் வேகமா? தளர்ந்தவரைக் காட்டில் விட்டுச் சென்றால் மட்டுமே சராசரி உயரும். சராசரி என்ற சொல் மறைப்பது இன்னது என்பதை இதனினும் தெளிவாக விளக்கும் கணக்கு ஒன்றை நாம் அறியோம். 2023ஆம் ஆண்டிலே, மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, யூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் ஒன்று நிகழ்ந்தது. முதல் நாளையும் இறுதி நாளையும் சேர்த்து எத்தனை நாள்? பதினைந்து என்று கூறுவோரே மிகுதி, விடை பதினாறு.

மலை எவ்வாறு விலையாயிற்று என்பது அடுத்த பாடம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டவியலாத காட்டு நிலத்தையும் தரிசு நிலத்தையும் முடிக்குரியதாக்கிற்று. அக்காலத்தில் ஏக்கர் ஒன்றின் தொடக்க விலை 5 சிலிங். 1844இல் அது 20 சிலிங் ஆயிற்று. இருபது சிலிங் ஒரு பவுண். எனவே நூறு ஏக்கரை 25 பவுணுக்கு வாங்கியவர் எத்தனையோ பேர். அமெரிக்கர் 1803இல் பிரான்சிடமிருந்து 828,000 சதுர மைலை 15 மில்லியன் டொலருக்கு வாங்கினர். சதுர மைலுக்கு 640 ஏக்கர் என வைத்து வகுத்தால் ஏக்கர் மூன்று சதத்துக்கும் குறைவு. இவ்விரு கணக்கிலும் விடுபட்டோர் ஒரே வகையினர்: அந்நிலத்தில் முன்னரே வாழ்ந்தவர். அங்கே செவ்விந்தியர், இங்கே காட்டிற் சேனை செய்தும் மாடு மேய்த்தும் வந்த கண்டி நாட்டுச் சிங்களக் கிராமத்தவர். நம் பிள்ளைகளுக்கு நம் துயரத்தை மட்டும் கூறி அயற்கிராமத்தவன் துயரத்தை விடுவது முறையன்று. அவன் நிலத்தை நம் பாட்டனார் பறிக்கவில்லை. அவரும் அங்கே கொண்டுவந்து நிறுத்தப்பட்டவரே. இதை எண்ணோடு கற்ற பிள்ளை வாழ்நாளிற் பல வீண் சண்டைகளிலிருந்து தப்பும்.

இனிக் கூறப்போவது கடினமான கணக்கு. 1849இலே கொழும்பு ‘ஒப்சேர்வர்’ பத்திரிகை, 1841 முதல் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோருள் நூற்றுக்கு 25 பேர், அதாவது 70,000 பேர் வரையில் இறந்திருப்பர் என மதிப்பிட்டது. எழுபதினாயிரம் நூற்றுக்கு இருபத்தைந்தாயின் வந்தோர் தொகை 280,000. சதவீதப் பாடத்துக்கு இவ்வளவு போதும் என்று கொப்பியை மூடிவிடலாம். ஆனால் வகுப்பில் ஒருவன் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு. கேளாவிடின் ஆசிரியர் கேட்கவேண்டும். இறந்தோரை எண்ணியவர் யார்? வழியில் வீழ்ந்தோரைப் பதிந்த ஏடு எது? வந்தோர் தொகையிலிருந்து திரும்பினோர் தொகையையும் தோட்டத்தில் இருந்தோர் தொகையையும் கழித்தால் மிஞ்சுவதே பெரும்பாலும் இத்தகைய மதிப்பீடுகளின் அடிப்படை. கழித்து மிஞ்சியோர் அனைவரும் இறந்தோர்தாமா? வேறு துறைமுகத்தால் திரும்பினோர், கொழும்பில் வேலை தேடிக்கொண்டோர், இருமுறை எண்ணப்பட்டோர் அதில் இல்லையா? வரலாற்றறிஞர் இத்தொகையைப் பற்றி இன்றும் ஒருமனப்படவில்லை. தொகை கூடுதலாயிருக்கட்டும், குறைவாயிருக்கட்டும். தோட்டத்தில் ஒவ்வோர் இறாத்தல் கோப்பியையும் எழுதி வைத்தவர்கள் வழியில் இறந்தவனை எழுதவில்லை என்பது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாதது. கழித்தலின் விடைக்கு எவ்வளவு பொருள் உண்டு, எங்கே பொருள் இல்லை என்பதை இதனினும் பொறுப்பாகக் கற்பிக்க இயலுமோ?

கோப்பியின் வீழ்ச்சியும் தேயிலையின் எழுச்சியும் வரைபுப் பாடத்துக்கென்றே அமைந்தவை. 1869இல் இலைநோய் தோன்றியது. ஆயினும் 1878இற்கூட ஏறத்தாழ 275,000 ஏக்கரிற் கோப்பி நின்றது; அதன் பின்னரே கோடு செங்குத்தாக இறங்கிற்று. ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் தேயிலை இட்ட நிலம் 19 ஏக்கர். 1873இல் இலண்டனுக்கு அனுப்பியது 23 இறாத்தல். 1899இலோ தேயிலை நிலம் நான்கு இலட்சம் ஏக்கரை அண்மித்தது. இவ்விரு கோடுகளையும் ஒரே தாளில் வரையும் பிள்ளை, அவை ஒன்றையொன்று வெட்டும் இடம் 1880களில் வருவதைக் காண்பான். அங்கே ஒரு காரணம் கூறவேண்டும். கோப்பிக்குப் பழம் பறிக்கும் மாதங்களிலேதான் ஆள் வேண்டும். ஆகவே தொழிலாளர் வந்தனர், சென்றனர். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். ஆகவே குடும்பத்தோடு தங்கினர். வந்து போவோர் குடிகளானது ஒரு செடியின் இயல்பினால் என்பதை வரைபில் கண்ட பிள்ளை, ‘கள்ளத்தோணி’ என்று யாரேனும் ஏசினால் விடையளிக்கத் தெரிந்தவனாவான்.

புகைவண்டிப் பாதையைப் பற்றி நீள எழுத இடமில்லை. கண்டி 1867, நாவலப்பிட்டி 1874, அட்டன் 1884, நானுஓயா 1885, பதுளை 1924. ஏற்றம் 44 அடிக்கு ஓரடிக்கு மேற்படாமல் அமைத்தனர். மைலுக்கு 120 அடி. சாய்வு விகிதம் கற்பிக்க நம் பிள்ளைகளைத் தண்டவாளத்தருகே அழைத்துச் சென்றாற் போதும்.

கூலியைப் பற்றி எழுதாமல் விடவியலாது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929இல் உயர்மலைத் தோட்டங்களுக்கு விதிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். வேறுபாடு 11 சதம். பதினொரு சதந்தானே என்று எண்ணுவோர், ஆண்டில் 300 நாள் வேலை செய்த ஒருத்தியின் கணக்கைப் போட்டுப் பார்க்க: குறைந்தது 33 ரூபா. அதை அவளது நாட்கூலியால் வகுத்தால் ஏறத்தாழ 77 நாள். ஏனைய நாளெல்லாம் உழைத்தபின் எழுபத்தேழு நாள் உழைப்பு அவளுக்கு இல்லாமற் போயிற்று. கொழுந்தெடுப்போருட் பெரும்பாலார் பெண்கள் என்பதையும் நினைவிற் கொள்க. இருபாலார்க்கும் நாட்கூலி சமனானது 1984இல். இக்கணக்கைச் செய்த பெண்பிள்ளைகள் இரண்டு நிமிடம் பேசவில்லை. பின்னர் வகுப்பை அடக்குதல் அரிதாயிற்று. ஒருத்தி தன் பாட்டியார் எத்தனை ஆண்டு வேலை செய்தார் என்பதை எழுதி வந்து மறுநாள் பெருக்கத் தொடங்கினாள். கூலி ஆண்டுக்காண்டு மாறியமையால் ஒரே வேறுபாட்டால் பெருக்கலாகாது என்று நாம் தடுக்க நேர்ந்தது. அத்தடையும் கணிதமே.

அண்மைக் காலக் கூலியும் இவ்வாறே. 2021 மார்ச்சு மாதத்தில் நாட்கூலி 1,000 ரூபா என அறிவிக்கப்பட்டபோது, எத்தனை கிலோ எடுத்தால் ஒரு பேர் என்பதே அடுத்த வாதமாயிற்று. இருபத்தைந்து நாள் வேலைக்குச் சென்றவள், பதினாறு நாள் முழுப்பேரும் ஒன்பது நாள் அரைப்பேரும் பெற்றாள் என்று கொண்டால் அவள் கைக்கு வரவேண்டியது 25,000 அன்று, 20,500. அதிலிருந்து கழிவன வேறு. தாயின் சம்பளத்துண்டை வாசித்து, ஒவ்வொரு கழிவுக்கும் காரணம் கேட்கத் தெரிந்த ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் எழுதுபவரின் கையும் சற்று நிதானிக்கும். ஒரு தோட்டத்தில் இவ்வாறு கேட்டதற்காகப் பிள்ளைகளுக்குக் ‘கதை’ பழக்குகிறோம் என்று நம்மீது குறை கூறியவர்களும் உளர். கூட்டல் கழித்தலே பழக்கினோம்.

இனி, விகிதம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் மலையக மக்களுட் பெரும்பாலாரை நாடற்றோராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 825,000 பேர் பிரசாவுரிமை வேண்டி விண்ணப்பித்தனர், கிடைத்தது ஏறத்தாழ 134,000 பேருக்கு, நூற்றுக்கு 16. எஞ்சியோரைப் பற்றி 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்தனர். நாடற்றோர் தொகை 975,000 என்று கொள்ளப்பட்டது. இந்தியா ஏற்பது 525,000. இலங்கை ஏற்பது 300,000. மிகுதி 150,000 பின்னர் பார்த்துக்கொள்ளப்படும். முதலிரு தொகைகளையும் சுருக்கினால் 7:4. இது நாம் சுருக்கியதன்று; எழுவர் அங்கே செல்ல நால்வர்க்கு இங்கே உரிமை என்ற அவ்விகிதமே நடைமுறையிற் பின்பற்றப்பட்டது.

மேற்கூறிய தவணையிலே நம் வகுப்பில் 34 பிள்ளைகள் இருந்தனர். முப்பத்து நான்கை 7:4 என்ற விகிதத்திற் பிரிக்குமாறு கூறினோம். பதினொன்றால் வகுத்து, ஒரு பக்கம் 21, மறுபக்கம் 12 எனக் கண்டனர். மீதி 1 என்றனர். “அந்த ஒருவரை என்ன செய்வது, ஐயா?” என்று ஒரு பையன் கேட்டான். உடன்படிக்கையும் ஒன்றரை இலட்சம் பேரை அவ்வாறே மீதியாக வைத்தது என்றும், பத்தாண்டு சென்று 1974இல் அவர்களை 75,000 வீதம் இரு நாடுகளும் பகிர்ந்துகொண்டன என்றும் கூறினோம். அதனால் முழு விகிதம் 600,000க்கு 375,000, அதாவது 8:5 ஆயிற்று. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண்பிள்ளை எழுந்து, “பன்னிரண்டு பேர் யார் யார் என்று யார் சொல்வது?” என்று கேட்டாள். அவள் வினாவுக்குக் கணிதத்தில் விடையில்லை. அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் விண்ணப்பித்த குடும்பங்கள் அவ்வகுப்பிலேயே இருந்தன என்பது அன்று மாலை நமக்குத் தெரிய வந்தது. விகிதம் வகுத்தோர் எதிர்பார்த்தவாறு மக்களின் விருப்பமும் அமையவில்லை. இந்தியாவுக்கு விண்ணப்பித்தோர் ஒதுக்கிய தொகையினும் குறைவு. 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின்னரே நாடற்ற நிலை நீங்கிற்று.

இதனோடு குடிசன மதிப்பையும் காட்டவேண்டும். இந்தியத் தமிழர் எனப் பதியப்பட்டோர் 1971இல் ஏறத்தாழ 1,175,000, 1981இல் 818,656, 2012இல் 839,504. பத்தாண்டில் நூற்றுக்கு முப்பது குறைவு. கப்பலேறியவர் தொகை அதில் பெரும்பங்கு. ஆயினும், அஞ்சியோ விரும்பியோ தம்மை இலங்கைத் தமிழர் என எழுதுவித்தோரும் உளர். ஆள் அங்கேயே இருக்க, எண் மட்டும் வேறு நிரலுக்கு மாறும் வித்தையைப் பிள்ளைகள் எளிதிற் புரிந்துகொள்கின்றனர்.

நம் கருத்துக்கு எதிராகக் கூறப்படுவனவற்றுள் இரண்டைப் புறக்கணிக்கவியலாது. பரீட்சையில் இவை வாரா என்பது முதலாவது. மாம்பழத்தை 7:4 ஆகப் பங்கிடும் கணக்கு வருமன்றோ? மக்களைப் பங்கிட்ட கணக்கை ஒருமுறை செய்தவன் மாம்பழக் கணக்கில் தவறமாட்டான். மற்றைய எதிர்ப்பு கனமானது. துயரத்தைக் கணக்காக்கினால் துயரம் மலிந்துவிடும் என்பர் சிலர். அவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. 2012இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில், வரலாற்றைக் கணிதத்தோடு இணைப்பதாக எண்ணி, அடிமைகள் பறித்த தோடம்பழங்களை வகுக்கவும், ஓர் அடிமை வாரத்தில் வாங்கிய அடிகளைக் காணவும் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டுவேலை கொடுத்தனர். பெற்றோர் வெகுண்டெழுந்தனர், நியாயமே. அக்கணக்கில் அடிமை என்ற சொல்லை எடுத்துவிட்டுத் தோட்டக்காரன் என்று எழுதினாலும் கணக்கு மாறாது; விடையும் மாறாது. அடிமைத்தனம் அங்கே வெறும் அலங்காரம். நாம் வேண்டுவது அத்தகையதன்று. தொகை உண்மையானதாயிருக்கவேண்டும்; விடை கண்டபின் முன்னர் தெரியாத ஒன்று தெரியவேண்டும்; பிள்ளைகளை எழுப்பி இருபுறம் நிறுத்தி நாடகமாடுதல் கூடாது. இம்மூன்றும் இல்லாத இடத்தில் மாம்பழமே மேல்.

வாரத்துக்கு ஒரு பாடவேளை போதும். வரலாற்று ஆசிரியர் தொகையைச் சரிபார்க்க, கணித ஆசிரியர் பாடத்துக்கேற்ப அமைக்க, நூறு கணக்குகள் கொண்ட ஒரு சிறுநூலை ஓராண்டில் ஆக்கிவிடலாம். மொழி திருத்தும் பணியை நாம் ஏற்போம். ஆனால் அச்சில் வந்த தொகைகளைக் கொண்டு மட்டும் இந்நூல் நிறைவுறாது. நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் தோட்டத்து வீடுகளிலிருந்து வந்தவர்கள். இன்று கணக்காளராயும் நில அளவையாளராயும் புகைவண்டிப் பகுதியிலும் பணியாற்றுபவர்கள். அவர்தம் வீடுகளில், தகரப் பெட்டியின் அடியில், பழைய சம்பளத் துண்டுகள், அரிசிக் கணக்குக் கொப்பிகள், உடன்படிக்கைக் காலத்து விண்ணப்பப் படிவங்கள், முத்திரை குத்திய கடவுச்சீட்டுகள் கிடத்தல் கூடும். ஈரமும் கறையானும் அவற்றைத் தின்னுமுன் ஒரு படியெடுத்துக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புமாறு வேண்டுகிறோம். பெயரை மறைத்து அனுப்பினும் ஏற்போம். மைலுக்கு ஓரங்குலமாக வரைந்த பழைய நில அளவைப் படத்தாள்கள் யாரிடமேனும் இருப்பின் அவையும் பயன்படும். தரம் ஏழில் அளவிடைப் பாடம் அடுத்த தவணையில் தொடங்குகிறது. மாத்தளையிலிருந்து மன்னார் வரை நூலை இட்டு அளக்க நமக்கு அத்தாள்கள் தேவை.